கனோபி இலவசம் என்றால் யாருக்கு இலவசம்? (வாசகர் கேள்வி - பதில்)

பெட்ரோல் பங்க் நடத்துபவர் விநியோகஸ்தரோடு போடும் சப்ளை ஒப்பந்தத்தைப் பற்றிப் போன இதழில் ஒரே ஒரு பத்தி எழுதினேன். "ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்" என்று அதில் ஒரு வரி. அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 9 வருஷம் ஒரு எரிபொருள் விநியோகஸ்தர் அலுவலகத்தில் பில் போட்டேன். அப்புறம் 22 வருஷம் மாமனார் விட்டுப்போன பங்க்கை நடத்தினேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் ஊர்ச் சட்டத்துக்கு உங்கள் வக்கீலைத்தான் கேட்க வேண்டும். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. பாதிப் பேர் இன்னும் விநியோகஸ்தரிடம் பாக்கி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: அக்கா, சொந்த இடத்தில் பங்க் வைத்திருக்கிறேன். மாதம் 90,000 லிட்டர் ஓடுகிறது. புது விநியோகஸ்தர் ஒருவர் கனோபி (பங்க்கின் மேற்கூரை), 4 டிஸ்பென்சர் (எண்ணெய் போடும் இயந்திரம்), பலகை எல்லாம் தன் செலவில் போட்டுத் தருகிறாராம். பதிலுக்கு 10 வருஷம் அவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

நகலை இரண்டு தடவை படித்தேன் தம்பி. 10 வருஷம் என்று உங்களிடம் சொன்னது யார்? ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. 3-ஆம் பிரிவைப் பாருங்கள்: "10 ஆண்டுகள் அல்லது 1 கோடியே 50 லட்சம் லிட்டர் கொள்முதல், இவற்றில் எது பிந்தையதோ அதுவரை."

அந்தப் "பிந்தையதோ" என்ற சொல்லுக்கு ஒரு கணக்கு போடுவோம். 1 கோடியே 50 லட்சத்தை உங்கள் 90,000-ஆல் வகுத்தால் 166 மாதம் தாண்டுகிறது. அதாவது 13 வருஷம், 11 மாதம். 10 வருஷத்தில் முடிய வேண்டுமானால் மாதம் 1,25,000 லிட்டர் விற்க வேண்டும். எதிர்ச்சாரியில் இன்னொரு பங்க் வந்து உங்கள் விற்பனை 70,000-க்கு இறங்கினால்? 17 வருஷத்தையும் தாண்டிவிடும். வியாபாரம் படுக்கப் படுக்கக் கயிறு நீளும். "பிந்தையதோ" என்பதை "முந்தையதோ" என்று மாற்றச் சொல்லுங்கள். ஒரே ஒரு எழுத்துதான் மாறுகிறது. விநியோகஸ்தர் மறுத்தால், அவர் எதைக் கணக்குப் பண்ணி வந்திருக்கிறார் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது 14-ஆம் பிரிவு. இடையில் விலகினால் கனோபி, டிஸ்பென்சர் செலவைத் திருப்பித் தர வேண்டும். அது நியாயம்தான், பணம் போட்டவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் எவ்வளவு? மாதத்துக்கு 120-இல் ஒரு பங்கு கழிந்துகொண்டே வந்தால், 6 வருஷம் முடிந்து விலகும்போது 40 சதவீதம் பாக்கி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் கழிவே கிடையாது. 9 வருஷம் 11 மாதம் ஒழுங்காக வாங்கிவிட்டு விலகினாலும் முழுத் தொகை, மேலே வட்டி. அதற்குப் பக்கத்திலேயே 15-ஆம் பிரிவு, வாங்காமல் விட்ட ஒவ்வொரு லிட்டருக்கும் நஷ்ட ஈடு கேட்கிறது. போட்ட முதலும் வேண்டும், அந்த முதலால் வரவேண்டிய லாபமும் வேண்டும் என்றால் ஒரே தப்புக்கு இரண்டு அபராதம். ஏதாவது ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் பாருங்கள். பணத்தை முழுசாகத் திருப்பிக் கட்டிய பிறகும் டிஸ்பென்சர் உங்களுடையது ஆகும் என்று எங்கேயும் எழுதவில்லை. கட்டிய பின் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போவதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது.

இந்தச் சண்டை புதிதில்லை. பிரிட்டனில் ஹார்ப்பர்ஸ் கராஜ் என்ற சிறு நிறுவனத்துக்கு இரண்டு பங்க். இரண்டும் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்திடம் மட்டுமே வாங்குவதாக ஒப்பந்தம். ஒன்றுக்கு 4 வருஷம் 5 மாதம். இன்னொன்றுக்கு 21 வருஷம், 7,000 பவுண்டு கடனுக்கு அடமானத்தோடு சேர்த்து. கடனை முன்கூட்டியே அடைக்கவும் முடியாது, 21 வருஷமும் கட்டியே ஆக வேண்டும். வழக்கு அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போய் 1967-இல் தீர்ப்பு வந்தது. சின்ன ஒப்பந்தம் செல்லும், 21 வருஷம் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டி விதிகளில், 80 சதவீதத்துக்கு மேல் ஒருவரிடமே வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு 5 வருஷம்தான் பொதுவான சலுகை எல்லை. அதில் ஒரு விலக்கு உண்டு. பங்க் இருக்கும் இடமே சப்ளை செய்பவருடையது என்றால் 5 வருஷ எல்லை இல்லை. இடம் உங்களுடையது தம்பி. பேரம் பேசும்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய துருப்பு அதுதான். கனோபியைப் பார்த்த மயக்கத்தில் அதைக் கீழே போட்டுவிடாதீர்கள்.

இப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். 3, 14, 15 மூன்றையும் திருத்திக் கொடுத்தால் போடலாம். ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார், லாரி வாடகையைக் குறைவாகவே போட்டிருக்கிறார்.

கேள்வி: பூமிக்குள் இருக்கும் பழைய டேங்க்கையும் விநியோகஸ்தரே மாற்றித் தருவாராம். சரிதானே?

டேங்க் யார் பெயரில் இருக்கும், கசிந்தால் மண்ணைச் சுத்தம் செய்வது யார் என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் டேங்க் "டீலருக்குச் (பங்க் நடத்துபவருக்கு) சொந்தமாகும்" என்று சிலர் எழுதுவார்கள். பரிசு மாதிரி இருக்கும். வயசான டேங்க்கும் அதற்கடியில் நனைந்த மண்ணும் சேர்ந்துதான் அந்தப் பரிசு. புது டேங்க்கை இறக்கும் முன் மண்ணைச் சோதித்து அறிக்கையை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் இருந்த அழுக்கு யாருடையது என்று பின்னால் வாதாட வேண்டி வராது.

கேள்வி: பக்கத்து பங்க்காரர் நான் வாங்கும் விலைக்கும் கீழே விற்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே விநியோகஸ்தர், ஒரே பிராண்டு. இது எப்படி முடியும்? கோர்ட்டுக்குப் போகலாமா?

முடியும் ஐயா. நானே அந்த பில்லைப் போட்டிருக்கிறேன். ஒரே லாரி, ஒரே டெர்மினல் (லாரி எரிபொருள் நிரப்பும் கிடங்கு). லாரித் தொட்டியின் முதல் அறை ஒரு பங்க்குக்கு, இரண்டாவது அறை அடுத்த பங்க்குக்கு. கணினித் திரையில் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து வரும். அந்த எழுத்து மாறினால் லிட்டர் விலை மாறும். யாருக்கு எந்த எழுத்து என்பதை முதலாளி ஒரு சின்ன நோட்டில் வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை திருத்துவார். அந்த நோட்டில் இருந்தவர்களுக்குக் கடைசி வரை தெரியாது.

ஒப்பந்தத்தில் விலை இரண்டு விதமாக வரும். ஒன்று, "விநியோகஸ்தர் அன்றன்று நிர்ணயிக்கும் விலை". அமெரிக்காவில் இதை டீலர் டேங்க் வேகன் விலை என்பார்கள். லாரி வாடகை உட்பட உங்கள் டேங்க் வாய்க்கு வந்து சேரும் ஒரே விலை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்னொன்று, டெர்மினலில் லாரி நிரப்பும் இடத்து விலை, அதாவது ரேக் விலை, அதன் மேல் லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, லாரி வாடகை தனி. அமெரிக்காவில் ஓபிஸ் போன்ற விலைத் தகவல் நிறுவனங்கள் டெர்மினல் வாரியாக ரேக் விலையைத் தினமும் வெளியிடுகின்றன. அந்தச் சராசரியோடு கட்டிவிட்டால் பில்லை நீங்களே சரிபார்க்கலாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் முதல் வகையில் இருக்கிறீர்கள்.

கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போனவர்களின் கதை இரண்டு சொல்கிறேன். அமெரிக்க வணிகச் சட்டப்படி, விலையை விற்பவரே நிர்ணயிக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னால் அவர் நல்லெண்ணத்தோடு நிர்ணயிக்க வேண்டும். அதை நம்பி டெக்சாஸில் நூற்றுக்கணக்கான டீலர்கள், எங்களை ஒழிப்பதற்காகவே விலையை ஏற்றுகிறார்கள் என்று ஷெல் மேல் வழக்குப் போட்டார்கள். 2004-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் டீலர்களுக்கு எதிராகச் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி அறிவித்த விலை, மற்ற நிறுவனங்களின் விலையை ஒட்டியும் இருக்கிறது, அப்படியென்றால் மனசுக்குள் என்ன நினைத்தார்கள் என்று தோண்ட வேண்டியதில்லை என்பது அதன் போக்கு.

இன்னொன்று உங்கள் கதைக்குக் கிட்டத்தில் வரும். பிரிட்டனில் லாஸ்டாக் கராஜ். விலைப்போட்டி நடந்த நேரத்தில் ஷெல் அக்கம்பக்கத்து பங்க்குகளுக்கு மட்டும் விலைச் சலுகை கொடுத்தது, லாஸ்டாக்குக்கு இல்லை. நஷ்டத்தில் விற்க வேண்டிய நிலைமை. லாஸ்டாக் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்தது, ஷெல் தடை கேட்டுப் போனது. 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையைத் தரவில்லை. ஆனால் பாரபட்சம் காட்டக் கூடாது என்று எழுதாத ஒரு பிரிவை ஒப்பந்தத்துக்குள் சேர்த்துப் படிக்கவும் பெரும்பான்மை நீதிபதிகள் சம்மதிக்கவில்லை. ஆகவே எழுதி வாங்குங்கள். இவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் அதே பிராண்டு பங்க்குக்குக் கொடுக்கும் விலைச் சலுகை எனக்கும் உண்டு என்று ஒரு வரி. புதுப்பிக்கும்போதுதான் அது கிடைக்கும், நடுவில் கேட்டால் சிரிப்பார்கள்.

கேள்வி: 20,000 லிட்டர் லோடு இறக்கினால் மறுநாள் டிப்பில் (டேங்க்கில் கோல் விட்டு அளக்கும்போது) 150, 200 லிட்டர் குறைகிறது. டிரைவர் திருடுகிறானா?

டிரைவரைச் சந்தேகிக்கும் முன் தெர்மாமீட்டரை எடுங்கள். பெட்ரோல் 1 டிகிரி குளிர்ந்தால் கொள்ளளவில் கிட்டத்தட்ட 0.1 சதவீதம் சுருங்கும், டீசல் கொஞ்சம் குறைவாக. வெயிலில் நின்ற லோடு பூமிக்குள் போய் 10 டிகிரி ஆறினால் 20,000-க்கு ஏறத்தாழ 190 லிட்டர் காணாமல் போகும். யாரும் தொடவில்லை. இறக்கியவுடன் பார்க்கும் டிப் சரியாக இருக்கும், அடுத்த நாள் காலையில் குறையும். திருட்டாக இருந்தால் அன்றைக்கே குறைந்திருக்கும்.

என் மாமனார் இதற்கு ஒரு பழைய டைரி வைத்திருந்தார். இடது பக்கம் லாரி அறையின் சூடு, வலது பக்கம் எங்கள் டேங்க்கின் சூடு, கீழே மறுநாள் குறைவு. எனக்கு முதலில் அது கிறுக்காகத் தெரிந்தது. இரண்டு மாசம் எழுதியபின் எண்கள் வரிசையாக உட்கார்ந்தன. ஒரு டிரைவரின் லோடு மட்டும் வரிசைக்கு வெளியே நின்றது. அப்போதுதான் அந்த ஒருவரின் லாரி அறையை இறக்கி முடித்ததும் டார்ச் அடித்துப் பார்த்தோம். அடியில் ஒரு வாளி எரிபொருள் தேங்கி நிற்கும் அளவுக்கு வால்வு சாய்ந்திருந்தது. அவருக்கே தெரியாது, பாவம்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வாருங்கள். பில் போடும் லிட்டர் எந்த லிட்டர்? ஏற்றிய சூட்டில் அளந்ததா, 15 டிகிரிக்குத் திருத்தியதா? அமெரிக்காவில் 60 ஃபாரன்ஹீட், ஏறத்தாழ அதேதான். திருத்திய லிட்டரில் பில் போட்டால், 35 டிகிரியில் வரும் லோடில் பில்லைவிட 2 சதவீதம் போல அதிகமாகவே உங்கள் டேங்க்குக்குள் விழும். திருத்தாத லிட்டர் என்றால் சூட்டில் வாங்கிச் சுருக்கத்தில் விற்கிறீர்கள். எது என்றாலும் தெரிந்தால் சமாளிக்கலாம். "விநியோகஸ்தர் விருப்பப்படி இரண்டில் ஒன்று" என்று இருந்தால் மட்டும் விடாதீர்கள். கோடையில் ஒன்று, குளிரில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வழி அது. வருஷம் முழுக்க ஒரே முறை என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பிராண்டு இல்லாமல் வாங்கினால் லிட்டருக்கு மலிவாக இருக்கிறது. மாறிவிடலாமா?

சப்ளை தாராளமாக இருக்கும்போது மலிவு. தட்டுப்பாடு வந்தால் டெர்மினலில் முதல் லாரி பிராண்டுக்கு, அதிலும் ஒப்பந்தம் உள்ளவருக்கு. மிச்சம்தான் மற்றவர்களுக்கு, அந்த நாட்களில் பிராண்டு இல்லாத விலை பிராண்டைத் தாண்டி மேலே போவதும் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் தட்டுப்பாட்டுப் பிரிவு இருந்தால், பங்கீடு எந்த மாதக் கொள்முதலை வைத்து என்று பாருங்கள். போன மாதம் பங்க்கை மராமத்துக்கு மூடி வைத்திருந்தீர்கள் என்றால் உங்கள் பங்கு பூஜ்யத்துக்குக் கிட்டே வந்துவிடும். 12 மாதச் சராசரி என்று இருப்பது நல்லது.

பிராண்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் 1978-இல் வந்த பெட்ரோலிய விற்பனை நடைமுறைச் சட்டப்படி, பிராண்டு டீலரைச் சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது, பொதுவாக 90 நாள் எழுத்து நோட்டீஸும் தர வேண்டும். சுத்திகரிப்பு நிறுவனம் மட்டுமல்ல, நடுவில் இருக்கும் விநியோகஸ்தரும் அதற்குக் கட்டுப்பட்டவர். பிராண்டுப் பெயர் இல்லாத வியாபாரத்துக்கு அந்தக் குடை இல்லை.

கேள்வி: என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று விநியோகஸ்தர் போன் போட்டுச் சொல்கிறார். கூட விற்றால் அந்த அதிகத்தைத் தனக்குத் தர வேண்டுமாம். இது அடுக்குமா?

அமெரிக்காவில் இல்லினாயில் கான் என்று ஒருவர், ஸ்டேட் ஆயில் என்ற விநியோகஸ்தரிடம் பங்க்கைக் குத்தகைக்கு எடுத்தார். விநியோகஸ்தர் ஒரு சில்லறை விலையைச் சொல்வார், அதிலிருந்து கேலனுக்கு 3.25 சென்ட் கழித்து கானுக்குத் தருவார். கான் அதற்கு மேல் விற்கலாம், ஆனால் அதிகம் முழுவதும் விநியோகஸ்தருக்கு. கீழே விற்கலாம், குறைவது கானின் 3.25-இல் இருந்து. ஆக விலையைத் தொட யாருக்குமே ஆசை வராது. குத்தகைப் பாக்கி விழுந்து பங்க் கையை விட்டுப் போனது. கோர்ட் நியமித்த ஆள் வந்து நடத்தினார். அந்த விலைக் கட்டு அவரைக் கட்டுப்படுத்தவில்லை. சாதாரண பெட்ரோலை இறக்கி, பிரீமியத்தை ஏற்றி, மொத்தத்தில் 3.25 சென்ட்டுக்கு மேல் சம்பாதித்துக் காட்டினார்.

எனக்கு இந்த வழக்கில் பிடித்த இடம் அதுதான். ஆனால் தீர்ப்பு வேறு. 1997-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உச்ச விலை விதிப்பது தன்னளவிலேயே குற்றம் ஆகாது, ஒவ்வொரு வழக்கிலும் போட்டிக்கு என்ன தீங்கு என்று எடைபோட வேண்டும் என்றது. உங்கள் ஊரில் எப்படியோ, வக்கீலிடம் கேளுங்கள். இதற்கு மேல் விற்காதே என்பது ஒன்று, இதற்குக் கீழே விற்காதே என்பது இன்னொன்று. கடைசியாகச் சொன்னதைப் பல நாட்டுச் சட்டங்கள் இன்னும் கடுமையாகப் பார்க்கின்றன. போனில் சொன்னதைக் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அனுப்ப மாட்டார்.

கேள்வி: புதுப்பிக்கும் ஒப்பந்தம் அநியாயமாக இருக்கிறது. "எதிர்ப்புடன் கையெழுத்திடுகிறேன்" என்று எழுதிப் போட்டுவிட்டு, பின்னால் வழக்குப் போடலாம் என்கிறார் என் மச்சான்.

மச்சானை நம்பாதீர்கள். மாசசூசெட்ஸில் ஷெல் டீலர்கள் சிலர் இதைச் செய்து பார்த்தார்கள். அதிகம் விற்றால் வாடகையில் கழிவு என்று இருந்த ஏற்பாட்டை நிறுவனம் எடுத்துவிட்டது. புது ஒப்பந்தத்தில் சிலர் எதிர்ப்பு என்று குறித்துக் கையெழுத்துப் போட்டு வியாபாரத்தையும் தொடர்ந்தார்கள். 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: கையெழுத்துப் போட்டுக் கடையும் நடத்துகிறீர்கள், அப்புறம் என்னைப் புதுப்பிக்கவில்லை என்று அந்த 1978 சட்டத்தின் கீழ் எப்படிக் கேட்பீர்கள்? போடும் முன் சண்டை போடுங்கள்.

கேள்வி: என் விநியோகஸ்தர் தன் கம்பெனியைப் பெரிய ஆளிடம் விற்றுவிட்டார். புதியவர் பிராண்டை மாற்றுகிறார். நான் கட்டுப்பட்டவனா?

பெரும்பாலும் ஆமாம். விநியோகஸ்தர் ஒப்பந்தத்தை யாருக்கும் மாற்றலாம், டீலர் அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்று ஒருபக்கமாகத்தான் எழுதியிருப்பார்கள். பலகை மாற்றும் செலவு யாருடையது என்று மட்டும் உடனே பாருங்கள். பங்க்கை விற்கும்போது விநியோகஸ்தருக்கே முதல் உரிமை என்ற பிரிவும் இப்போது புதியவரிடம் போயிருக்கும். உங்கள் சொந்த ஜாமீனும்தான். அந்த ஜாமீன் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கம்பெனி பெயரில் பங்க் நடத்துகிறோம், வீட்டுக்கு ஆபத்தில்லை என்று நினைத்திருந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஜாமீனில் அவர் மனைவியின் கையெழுத்தும் இருந்தது.

கேள்வி: நான் விநியோகஸ்தர். நீங்கள் எப்போதும் டீலர் பக்கமே பேசுகிறீர்கள். எங்கள் கஷ்டம் தெரியுமா?

தெரியும் ஐயா, 9 வருஷம் உங்கள் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் டெர்மினலுக்குப் பணம் கட்டும் நாள் ஒன்று, டீலர் உங்களுக்குக் கட்டும் நாள் வேறு. நடுவில் இருக்கும் நாட்களில் 5 லோடு கடனில் ஓடுகிறது. ஒரு டீலர் கைவிரித்தால் அந்த ஒரு லோடை ஈடுகட்ட எத்தனை லோடின் மார்ஜின் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானே அந்தக் கணக்கைப் போட்டு முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன். டீலரின் வங்கிக் கணக்கிலிருந்து நீங்களே நேராக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நான் குறை சொன்னதே இல்லை. ஒரு தடவை பணம் இல்லாமல் திரும்பினால் அடுத்த லோடுக்கு முன்பணம் என்பதும் சரி.

டீலர் மேல் தப்பு இருக்கும் இடத்தையும் சொல்கிறேன், என்னுடையதையே. ஒரு ராத்திரி லோடு. நான் கல்லாவில் கூட்டத்தோடு இருந்தேன். டிரைவர் சலான் நீட்டினார், வால்வைத் திறக்கும் முன்பே கையெழுத்துப் போட்டேன். டீசல் பெட்ரோல் டேங்க்கில் இறங்கிவிட்டது. முதல் வண்டி 200 மீட்டர் போய் நின்றபோதுதான் தெரிந்தது. ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது: இணைப்பைச் சரிபார்த்து டீலரின் ஆள் கையெழுத்திட்டபின் இறக்கும் பொறுப்பு டீலருடையது. டேங்க் காலி செய்த செலவு, கெட்ட எரிபொருள், 6 வண்டிகளின் மராமத்து எல்லாம் என் தலையில். அந்த விநியோகஸ்தர் நல்ல மனுஷர், பாதியை ஏற்றுக்கொண்டார். ஒப்பந்தப்படி ஒரு காசு தர வேண்டியதில்லை.

கேள்வி: ஒப்பந்தத்தில் முதலில் எதைப் படிப்பீர்கள், அக்கா?

கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் "தானாகப் புதுப்பித்தல்" என்று ஒரு பிரிவு இருக்கும், அதை. பங்க்கை ஏற்றபோது வந்த ஒப்பந்தத்தில் அதை நான் படிக்கவில்லை. காலம் முடிய 180 நாளுக்கும் 120 நாளுக்கும் இடையில் பதிவுத் தபாலில் விலகல் நோட்டீஸ் தர வேண்டும், தராவிட்டால் இன்னொரு 5 வருஷம் அதே நிபந்தனைகளில் ஓடும். அந்த இரண்டு மாத இடைவெளிக்குள் நான் போனில் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் "சரிங்கம்மா, பார்த்துக்கலாம்" என்றார். வேறு ஒருவரிடம் லிட்டர் விலையெல்லாம் பேசி முடித்து, நிதானமாகத் தபாலை அனுப்பியது 109-ஆம் நாள். 11 நாள் தாமதம். மறுவாரம் இரண்டு வரியில் பதில் வந்தது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று. போனில் பேசியவர் அப்படி ஒரு பேச்சு நினைவில்லை என்றார்.

5 வருஷமும் வாங்கினேன். அந்தக் கடிதம் வந்த அன்றே அடுத்த 180-ஆம் நாள் எந்தத் தேதி என்று எண்ணி, கல்லாவுக்குப் பின்னால் சுவரில் பெயிண்டில் எழுதி வைத்தேன். பங்க்கில் வேலைக்குச் சேர்ந்த பையன்கள் எல்லாம் அது யாருடைய பிறந்தநாள் என்று கேட்பார்கள்.